தீவன ஆலை

பெயர் வைப்பது எழுத்தாளனுக்குப் பெரிய தலைவேதனை. கதையை ஒரு வாரத்தில் எழுதி முடித்துவிடலாம். கதாநாயகியின் பெயருக்காக ஒரு மாதம் அலைய வேண்டியிருக்கும். ஆகையால் எங்கே போனாலும் கடைப் பலகை, தெருப் பெயர், கல்வெட்டு என்று ஒன்று விடாமல் படித்துக்கொண்டே நடப்பது என் வழக்கம். அப்படி நான் படித்த பெயர்களிலே மிகவும் சாமர்த்தியமான பெயர் எது என்று யாராவது கேட்டால், அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்தில் இருந்த ஓர் ஆலையின் பெயரைத்தான் சொல்வேன். 'ஃபீட் மெட்டீரியல்ஸ் புரொடக்‌ஷன் சென்டர்' என்று அதற்குப் பெயர். நம் பாஷையில் சொன்னால், தீவனப் பொருள் உற்பத்தி நிலையம்.

ஊரோ, மாடும் சோளமுமாக வாழ்கிற ஊர். பெயரோ, தீவன நிலையம். போதாததற்கு ஆலையின் உயரமான தண்ணீர்த் தொட்டியில் சிவப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம் போட்டு வர்ணம் அடித்திருந்தார்கள். அந்த நாட்டில் பெயர் பெற்ற ஒரு தீவனக் கம்பெனியின் முத்திரையும் ஏறக்குறைய அதே கட்டம்தான். ஆலைக்குச் சொந்தமான புல்வெளியிலேயே பசுக்கள் மேய்ந்தன. அக்கம்பக்கத்தார் வேறு என்னதான் நினைப்பார்கள்? நாய்க்கும் மாட்டுக்கும் உள்ளே ஏதோ அரைக்கிறார்கள் என்று நினைத்தார்கள். ஒரு வருஷம், இரண்டு வருஷம் அல்ல. முப்பது வருஷத்துக்கு மேல் பலர் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே அரைபட்டது யுரேனியம். 1951-ல் கட்டத் தொடங்கி, 1989-ல் உற்பத்தி நிற்கும் வரையில், சுமார் 50 கோடி பவுண்டு யுரேனிய உலோகம் அங்கிருந்து வெளியே போயிற்று. அணுகுண்டுக்கு வேண்டிய புளூட்டோனியத்தைச் சமைக்கிற உலைகள் வேறு மாகாணங்களில் இருந்தன. அந்த உலைகளுக்கு இது தீவனம்! ஆகவே பெயரில் பொய் என்று சொல்ல ஓர் எழுத்துக்கூட இல்லை. பொய்யே சொல்லாமல் ஊரை ஏமாற்றும் வித்தை கதை எழுதிப் பிழைக்கும் எனக்கே இன்னும் கைவரவில்லை. யாரோ ஒரு குமாஸ்தாவுக்குக் கைவந்திருக்கிறது.

எனக்கும் அந்த ஆலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் ஒரு வீட்டினால் வந்தது.

என் அக்காள் மகளும் மாப்பிள்ளையும் சின்சினாட்டி நகரத்தில் இருக்கிறார்கள். இரண்டு வருஷங்களுக்கு முன் அவர்கள் அழைத்ததன் பேரில் ஒரு மாதம் போய்த் தங்கினேன். அப்போது அவளுக்கு ஐந்தாவது மாதம். வாடகை வீட்டில் குழந்தை பிறக்கக் கூடாது என்று அவளுக்குப் பிடிவாதம். நகரத்துக்கு வடமேற்கே, கிராமப் புறத்தில் ஒரு வீடு பார்த்திருந்தார்கள். பின்னால் அரை ஏக்கர் புல், ஒரு பெரிய மேப்பிள் மரம், மாடியிலே இரண்டு அறை. விலை அவர்கள் கைக்கு எட்டுகிற விலை. எல்லாம் கூடிவந்த சமயத்தில், மாப்பிள்ளை ஒரு நாள் இரவு முழுவதும் தூங்காமல் செல்போனை வைத்துக்கொண்டு எதையோ படித்தார். காலையில் காப்பி சாப்பிடும்போது முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அந்த வீட்டுக்கு மூணு மைல்லே ஒரு அணு ஆலை இருந்திருக்கு, மாமா" என்றார்.

"இருந்திருக்குன்னா, இப்போ இல்லையா?" என்று கேட்டேன்.

"இல்லை. இடிச்சுச் சுத்தம் பண்ணிட்டாங்களாம். இப்போ பறவைகள் சரணாலயமாம்."

"அப்புறம் என்ன?"

"அதான் மாமா பயமா இருக்கு."

அவர் சொன்னது எனக்குச் சிரிப்பை உண்டாக்கவில்லை. ஆலை இருந்தால் அதைப் பார்த்துப் பயப்படலாம். ஆலை இருந்த இடத்தில் பறவை கூவினால் எதைப் பார்த்துப் பயப்படுவது?

"அம்மாவுக்குப் போன்லே ஒண்ணும் சொல்லிடாதீங்க, மாமா" என்றாள் அக்காள் மகள். "நேர்லே போய்ப் பார்த்துட்டு வந்துடலாம். ஞாயிற்றுக்கிழமை சும்மாதானே இருக்கோம்?"

அப்படித்தான் நாங்கள் மூவரும் ஃபெர்னால்டுக்குப் போனோம். சின்சினாட்டியிலிருந்து 18 மைல்.

ஆயிரம் ஏக்கருக்குச் சற்று அதிகமான இடம். இலையுதிர் காலத்தின் கடைசி. ஆளுயரப் புல் பழுத்துப் பொன்னிறமாகக் காற்றில் படுத்து எழுந்துகொண்டிருந்தது. நடுநடுவே குளங்கள். குளத்தில் வாத்துக் கூட்டம். கழுத்தில் தொலைநோக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு கிழத் தம்பதி எங்களுக்கு முன்னால் நடந்துபோனார்கள். அழகான இடம் என்று எழுதக் கை வருகிறது. எழுதத்தான் வேண்டும், அது உண்மை. ஆனால் வலது பக்கம் திரும்பியதும் அந்த அழகில் ஓர் உறுத்தல் தெரிந்தது. சமதரையான அந்தப் பிரதேசத்தில், 65 அடி உயரத்தில் நீளமாக ஒரு மேடு. மேலே புல். சுற்றிலும் வேலி. மலைக்கு உரிய முரட்டுத்தனம் இல்லை. குன்றுக்கு உரிய வளைவு இல்லை. மனிதன் செய்த மேடு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம்.

ஆலையின் சிதைவும் அதைச் சுற்றியிருந்த அசுத்த மண்ணும் அதற்குள்ளே கிடக்கின்றன. கிட்டத்தட்ட முப்பது லட்சம் கன கெஜம். அடியிலும் மேலும் களிமண்ணும் கெட்டித் தாளும் அடுக்கடுக்காகப் போட்டு, எட்டு அறைகளாக வகுத்து மூடியிருக்கிறார்கள்.

"எல்லாத்தையும் எடுத்துட்டாங்கன்னு சொன்னீங்களே!" என்று மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டாள் அவள். அவர் பதில் சொல்லவில்லை.

அங்கே ஒரு காட்சிசாலை இருக்கிறது. பழைய கிடங்கு ஒன்றைப் புதுப்பித்து 2008-ல் திறந்திருக்கிறார்கள். அன்று பகல் முழுவதும் நாங்கள் அதற்குள்ளேயே இருந்தோம். ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்த ஆலையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். ஒரு நாவலுக்காகக்கூட நான் அவ்வளவு படித்ததில்லை.

கதை வெளியே தெரிந்தது 1984-ஆம் வருஷக் கடைசியில். தூசி வடிக்கும் இயந்திரம் ஒன்று பழுதாகி, ஏறக்குறைய 300 பவுண்டு யுரேனியத் தூள் காற்றோடு போய்விட்டதென்று செய்தி வந்தது. செய்தி வந்த பிறகுதான் பலருக்குத் தீவனம் எது என்று புரிந்தது. ஆனால் அது பெரிய விஷயமல்ல. பிற்காலத்தில் விஞ்ஞானிகள் உட்கார்ந்து கணக்குப் போட்டபோது, அத்தனை வருஷங்களிலும் சேர்த்துக் காற்றில் கலந்தது சுமார் மூன்று லட்சம் கிலோ என்று தெரிந்தது. அதையும்விட ஜனங்களின் நெஞ்சில் தைத்த விஷயம் வேறு. ஆலைக்குத் தெற்கே மூன்று கிணறுகளில் யுரேனியம் இறங்கியிருப்பது 1981-லேயே சர்க்காருக்குத் தெரிந்திருந்தது. கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்குத்தான் தெரியாது.

அந்தக் கிணறுகளில் ஒன்று லிஸா கிராஃபோர்டு என்ற பெண்மணி குடியிருந்த வீட்டுக் கிணறு. சொந்த வீடுகூட இல்லை, வாடகை வீடு. சிறு பிள்ளை ஒருவன். அந்தத் தண்ணீரில்தான் சமைத்தார்கள், குடித்தார்கள், குழந்தையைக் குளிப்பாட்டினார்கள். கிணறு கெட்டிருக்கிறது என்பதை அந்த அம்மாளிடம் சொன்னது சர்க்கார் அல்ல, வீட்டுக்காரர். மூன்று வருஷத்துத் தண்ணீர் உள்ளே போன பிறகு.

நானாயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். வீட்டைக் காலி செய்துகொண்டு போயிருப்பேன். வாடகைக்காரனுக்கு அது ஒன்றுதானே சௌகரியம்! அந்த அம்மாள் 1985 ஜனவரியில் கணவரோடு சேர்ந்து, அக்கம்பக்கத்தாருக்கும் சேர்த்து வழக்குத் தொடுத்தார். கொஞ்ச நாள் முன்னால் ஊர்ப் பெண்கள் சிலர் 'ஃப்ரெஷ்' என்று ஒரு சங்கம் தொடங்கியிருந்தார்கள். அதற்குத் தலைவியானார். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தடித் தடியான சர்க்கார் அறிக்கைகளைப் படிக்கக் கற்றுக்கொண்டார். 1989-ல் சர்க்கார் 7 கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்து அந்த வழக்கைத் தீர்த்துக்கொண்டது. அந்தப் பணத்திலிருந்து, ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட அக்கம்பக்கத்தாருக்குப் பதினெட்டு வருஷ காலம் வைத்தியப் பரிசோதனை நடந்தது.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஓஹையோ மாகாண சர்க்காரும் 1986-ல் தன் பங்குக்கு மத்திய சர்க்கார் மேல் வழக்குப் போட்டது. அது மேலே மேலே போய் 1992-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அப்போதிருந்த சட்டப்படி, செய்த குற்றத்துக்காக மத்திய சர்க்காரைத் தண்டிக்கிற மாதிரி அபராதம் விதிக்க முடியாது என்று தீர்ப்பாயிற்று. ஒரு சோப்புக் கம்பெனி ஆற்றைக் கெடுத்தால் அபராதம் உண்டு. சட்டம் செய்த சர்க்காரே ஆற்றைக் கெடுத்தால் இல்லை! நல்ல வேளையாக அந்த நாட்டுப் பார்லிமெண்டுக்கு அது கொஞ்சம் உறைத்திருக்க வேண்டும். அதே வருஷத்தில், சர்க்கார் ஸ்தாபனங்களும் கழிவுச் சட்டத்துக்கு அடங்கியவையே, அபராதமும் உண்டு என்று புதிய சட்டம் கொண்டுவந்தார்கள்.

வழக்கும் சட்டமும் பத்திரிகைகளில் வந்துவிட்டன. என் மனத்தைப் பிடித்துக்கொண்டது அதற்குப் பிறகு நடந்ததுதான்.

ஆலை நின்றாயிற்று. நஷ்ட ஈடு கொடுத்தாயிற்று. ஆனால் விஷம் கிடந்த இடத்திலேயே கிடந்தது. குழிகளில் கழிவு, மேற்குப் பக்கத்தில் பெல்ஜியன் காங்கோவிலிருந்து வந்த தாதுவின் சக்கையை அடைத்துவைத்த பெரிய கான்கிரீட் தொட்டிகள், மண்ணுக்கு அடியில் அந்தப் பிரதேசம் முழுவதற்கும் குடிதண்ணீர் தருகிற நிலத்தடி நீர். இதையெல்லாம் எப்படிச் சுத்தம் செய்வது, எவ்வளவு சுத்தம் செய்வது? அதிகாரிகள் தாங்களாகவே தீர்மானித்து அறிவித்தால் அவர்கள் சொல்லை நம்ப ஊரில் ஒரு நாதி இல்லை. 1993-ல் ஊர்க்காரர்களைக் கொண்டே ஒரு கமிட்டி ஏற்படுத்தினார்கள். அங்கத்தினர்களை இலாகா நேரே பொறுக்கவில்லை. வெளியாளான ஒரு பேராசிரியையை விட்டுத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. குடியிருப்பவர்கள், தொழிற்சங்கத்தார், ஊராட்சிக்காரர்கள், படித்தவர்கள் என்று எல்லாத் தரத்தாரும் இருந்தார்கள். ஜான் ஆப்பிள்கேட் என்ற சட்டப் பேராசிரியர் தலைவர். வழக்குப் போட்ட லிஸா கிராஃபோர்டும் ஓர் அங்கத்தினர். அவர்கள் முன்னால் வைத்த கேள்விகள் நான்கு: இந்த நிலம் பின்னாளில் எதற்குப் பயன்பட வேண்டும்? எந்த அளவுக்குச் சுத்தமாக்க வேண்டும்? எடுக்கும் கழிவை எங்கே போடுவது? எதை முதலில் செய்வது?

கேள்வி கேட்பது சுலபம். மண்ணின் கன அளவும் யுரேனியத்தின் விகிதமும் நிறைந்த அறிக்கைகளை வைத்துக்கொண்டு ஒரு விவசாயியோ வீட்டுப் பெண்மணியோ எப்படிப் பதில் சொல்வது? அதற்கு ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார்கள். ஆம், விளையாட்டேதான். மேஜையின் மேல் அந்த இடத்தின் பெரிய படத்தை விரித்தார்கள். சீட்டாட்டத்தில் பந்தயம் கட்ட வைக்கும் வட்ட வில்லைகளை எடுத்து, ஒவ்வொரு வில்லையும் இவ்வளவு அசுத்த மண் என்று வைத்துக்கொண்டார்கள். நிலத்தை மாசு மறுவில்லாமல், வீடு கட்டி மாடு மேய்க்கிற தரத்துக்குக் கொண்டுவர வேண்டுமா? அப்படியானால் இத்தனை வில்லைகளைத் தோண்டி எடு. எடுத்த வில்லைகளை எங்கே வைப்பாய்? படத்துக்குள்ளேயே ஒரு மூலையில் வைக்கலாம். அல்லது படத்துக்கு வெளியே தள்ளலாம். வெளியே தள்ளினால் இத்தனை லாரி, இத்தனை ரயில், இத்தனை பணம்.

நம் வீட்டுத் திண்ணையில் தாயம் ஆடுகிறவர்களை நினைத்துக்கொண்டேன். காயைக் கையில் எடுத்துவிட்டால் எங்கேயாவது வைத்துத்தான் ஆக வேண்டும்.

'எங்கள் ஊரிலிருந்து எல்லாவற்றையும் எடு' என்று பத்து வருஷமாகக் கேட்டவர்கள் அந்த மேஜையைச் சுற்றி நின்றார்கள். வில்லைகள் கோபுரம் கோபுரமாக உயர்ந்தன. அவ்வளவையும் லாரியில் ஏற்றினால் அந்த லாரிகள் போவது அவர்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற அதே பாதையில். போய்ச் சேருகிற பாலைவனத்துப் பக்கத்திலும் யாராவது குடியிருப்பார்கள்; அவர்களுக்கும் கிணறு இருக்கும். வெளியார் ஒருவர் வந்து பிரசங்கம் செய்து இதை அவர்களுக்கு உணர்த்தவில்லை. கையில் இருந்த வில்லைகளே உணர்த்தின.

ஏறக்குறைய இரண்டு வருஷங்கள் பேசினார்கள், சண்டை பிடித்தார்கள். 1995 ஜூலையில் தங்கள் முடிவைக் கொடுத்தார்கள். மிகக் கொடிய கழிவு வெளியே போக வேண்டும். அளவில் மிகுதியாய், வீரியத்தில் குறைவாய் இருக்கும் மண்ணும் இடிபாடும் இங்கேயே, எங்கள் ஊரிலேயே, ஒழுங்காகக் கட்டிய இடத்தில் இருக்கட்டும். நிலத்தடி நீர் மட்டும் குடிக்கிற தரத்துக்கு வந்தாக வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க முடியாது. இந்த மண்ணில் இனி யாரும் வீடு கட்ட வேண்டாம், உழவும் வேண்டாம். எல்லாரும் மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். விஷத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள யாருக்குத்தான் மகிழ்ச்சி இருக்கும்? ஆனால் போட்டார்கள்.

வலது பக்கம் நான் பார்த்த மேடு அதுதான்.

இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்டது வியப்பு மாத்திரம் அல்ல, வெட்கம். அதற்குக் காரணத்தை இதுவரையில் எங்கும் எழுதியதில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் எங்கள் பேட்டையில் ஒரு பொதுக் கூட்டம் நடந்தது. ஒரு சர்க்கார் காரியாலயத்துக்குச் சொந்தமான காலி மனையில் வருஷக் கணக்காகக் கழிவு எண்ணெயும் இன்னும் என்னென்னவோ கொட்டிவந்தார்கள். பக்கத்துத் தெருக் கிணறுகளில் தண்ணீர் நிறம் மாறிவிட்டது. ஜனங்களின் கருத்தைக் கேட்பதாகச் சொல்லி, ஒரு கல்யாண மண்டபத்தில் நாற்காலி போட்டார்கள். நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் அதிகாரிகள். கீழே கூச்சல். ஒருவர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார். ஒருவர் கழிவை விட்டுவிட்டுத் தம் வீட்டு வரி பாக்கியைப் பற்றிப் பேசினார். பஜ்ஜி வந்ததும் பாதிக் கூட்டம் எழுந்துவிட்டது. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருத்தி, எங்கள் தெருக்கோடியில் இருப்பவர், கோடு போட்ட தாளில் எழுதிக்கொண்டுவந்து ஒன்று, இரண்டு என்று எண் சொல்லிக் கேள்விகளைப் படித்தார். அவருடைய கண்ணாடி மூக்கிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. மேடையில் ஒருவரும் குறிப்பெடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அன்று இரவே ஒரு சிறுகதை எழுதினேன். ஹாஸ்யக் கதை. பஜ்ஜியும் உண்டு, வரி பாக்கியும் உண்டு, நழுவுகிற கண்ணாடியும் உண்டு. பத்திரிகையில் படத்தோடு வந்தது. நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது. நாலைந்து வாசகர்கள், 'எங்கள் ஊர்க் கூட்டமும் இப்படியேதான்' என்று கடிதம் எழுதினார்கள்.

ஒரு நாள் காய்கறிக் கடையில் அந்த அம்மாளைப் பார்த்தேன். ஒதுங்கிப் போய்விடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

"கதை படிச்சேன், தம்பி. சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணிலே தண்ணி வந்துடுச்சு" என்றார். வருத்தமே இல்லாத குரல். பையில் கத்தரிக்காயைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "ஏழு கேள்வி கேட்டேன். அதிலே ஒண்ணையாவது கதையிலே சேர்த்திருக்கலாம். பேப்பர்லே வந்தாலாவது பதில் சொல்லுவாங்களோன்னு பார்த்தேன்."

அந்த ஏழு கேள்விகளில் ஒன்றுகூட எனக்கு அன்றைக்கு நினைவில்லை. கண்ணாடி நழுவியது நினைவிருந்தது. பிறகு அவர் காலமாகிவிட்டார். கோடு போட்ட அந்தத் தாள் எங்கே போயிற்றோ.

பொதுக் கூட்டம் என்றால் கூச்சல், ஜனங்கள் என்றால் கும்பல் என்று எழுதி எழுதி எனக்குக் கை பழகிப்போயிருந்தது. என் நாவல்களில் ஊர் ஜனங்கள் அழுவார்கள், ஆவேசப்படுவார்கள், கடைசி அத்தியாயத்தில் கல்லெறிவார்கள். உட்கார்ந்து கணக்குப் போட மாட்டார்கள். அவர்களுக்கு அதற்குத் தெரியாது என்று யார் எனக்குச் சொன்னது? அவர்களிடம் யாரும் கணக்கைக் காட்டியதில்லை என்பதை நான் ஏன் கவனிக்கவில்லை? ஃபெர்னால்டிலும் முதல் பத்து வருஷம் கூச்சல்தான். ஒளித்து வைத்திருந்த காகிதங்கள் வெளியே வந்து, வில்லைகள் மேஜைக்கு வந்த பிறகுதான் கூச்சல் பேச்சாக மாறியது.

மிச்சத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். குழிகளில் இருந்த கழிவு நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ரயில்களில் யூட்டா மாகாணத்துக்குப் போயிற்று. காங்கோ தாதுவின் சக்கையை நெவாடாவுக்கு அனுப்பப் பார்த்தார்கள். அந்த மாகாணம் வழக்குப் போடுவேன் என்று மிரட்டவே, கடைசியில் சிமெண்டில் குழைத்து டெக்ஸாஸுக்கு அனுப்பினார்கள். எந்த ஊரும் எளிதில் கை நீட்டி வாங்கிக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். 2006 அக்டோபரில் வேலை முடிந்தது. செலவு 440 கோடி டாலர். இருபத்திரண்டு வருஷம் நடந்த 'ஃப்ரெஷ்' சங்கம் அந்த வருஷமே தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. காரியம் முடிந்ததும் கலைகிற சங்கத்தை நான் கேள்விப்பட்டது அதுதான் முதல் தடவை. நம் பக்கத்தில் சங்கம் முடிந்த பிறகும் காரியதரிசி இருப்பார்.

முடிந்தது என்றேனே, முழுக்க முடியவில்லை. நிலத்தடி நீரைக் கிணறு போட்டு இறைத்து வடிகட்டுகிற வேலை நாங்கள் போனபோதும் நடந்துகொண்டிருந்தது. மேட்டைக் காவல் காப்பதற்கோ முடிவுத் தேதியே கிடையாது. அதை உத்தேசித்துத்தான் போலிருக்கிறது, அந்த ஊர்க் கமிட்டி 2002-ல் இன்னோர் அறிக்கையும் கொடுத்தது. ஃபெர்னால்டின் கதை சொல்லப்பட வேண்டும் என்று கேட்கிற அறிக்கை. புல் முளைத்துப் பறவை வந்துவிட்டால் அடியில் இருப்பது என்ன என்பது பேரன் காலத்தில் மறந்துபோகும். ஆகையால் சொல்வதற்கென்று ஓர் இடம் வேண்டும் என்றார்கள். நாங்கள் உட்கார்ந்திருந்த காட்சிசாலை இருப்பது அதற்காகத்தான்.

சுவரில் ஒரு பழைய படம். சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தண்ணீர்த் தொட்டி. அதன் கீழே நின்று நான் பெயரைப் பற்றி ரசனையாக ஏதோ யோசித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அக்காள் மகள் பக்கத்தில் இல்லை. அங்கே பேசிக்கொண்டிருந்த ஊழியர் ஒருவரிடம் போய் நின்றிருந்தாள். ஒரு கை வயிற்றின் மேல், மறு கையில் வீட்டு விளம்பரத்தின் மேல் அவளே பேனாவால் கிறுக்கியிருந்த காகிதம்.

நிலத்தடித் தண்ணீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று கேட்டாள். தெற்கே என்றார் அவர். நாங்கள் பார்த்த வீடு எந்தத் திசை என்று படத்தில் காட்டச் சொன்னாள். குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, தோட்டத்தில் பழைய கிணறு இருந்தால் அதைப் பரிசோதித்தார்களா, அந்தக் காகிதம் யாரிடம் கிடைக்கும், மேட்டிலிருந்து கசிவு வந்தால் முதலில் யாருக்குத் தெரியும், தெரிந்தால் எத்தனை நாளில் ஊருக்குச் சொல்வார்கள் என்று வரிசையாகக் கேட்டாள். அந்த மனிதர் சலித்துக்கொள்ளவில்லை. சிலவற்றுக்குப் பதில் சொன்னார். ஒன்றுக்கு அறிக்கையைத் தேடி எடுத்துக் காட்டினார். ஒன்றைக் குறித்துக்கொண்டு, விசாரித்து எழுதுகிறேன் என்று அவளுடைய விலாசத்தை வாங்கிக்கொண்டார்.

நான் பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்து, அவள் கேட்ட கேள்விகளை அப்படியே, எண் போட்டு எழுதிக்கொண்டேன். அவள் அன்று என்ன நிறத்தில் கோட்டு அணிந்திருந்தாள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

திரும்பும் வழியில் அந்த வீட்டு வாசலில் ஐந்து நிமிஷம் காரை நிறுத்தினோம். மேப்பிள் மரம் பாதி இலையை உதிர்த்திருந்தது. மாப்பிள்ளை எஞ்சினை நிறுத்தவில்லை.

"என்ன பண்ணலாம்?" என்று கேட்டார்.

"கடிதம் வரட்டும்" என்றாள் அவள்.